அத்தையின் தாலாட்டும் ஸ்டீரியோவும்

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. விஷயம் இதுதான். அவருடைய மாமியார் தாலாட்டுப் பாடுவதில் கெட்டிக்காரராம். 1984-ல் மகன் வாங்கி வந்த சின்ன டேப் ரெக்கார்டரில் இருபது நிமிஷம் பாடி வைத்திருக்கிறார். இப்போது அவர் இல்லை, காஸெட் மட்டும் இருக்கிறது. நாத்தனார் மகளுக்கு இது ஏழாம் மாதம். "அம்மா குரலைக் கேட்டுத்தான் என் பேரப்பிள்ளை தூங்கணும் அண்ணி" என்று ஆம்பூரிலிருந்து நாத்தனார் போன் மேல் போன் போடுகிறாராம்.

நம் சகோதரிக்கும் பாட வரும். கல்லூரியில் படிக்கும் மகள் கீபோர்டு வாசிப்பாள். அத்தையின் குரலோடு தங்கள் இருவருடையதையும் சேர்த்து, ஸ்டீரியோவில் ஒழுங்காகப் பதிந்து கொடுக்க ஆசை. ஒரு காஸெட் டெக், ஒரு மைக், சின்ன மிக்ஸர், லாப்டாப்போடு சேர்க்க ஒரு பெட்டி எல்லாம் இரவலாகக் கிடைத்துவிட்டன. "ஒயரையெல்லாம் செருகிட்டோம். ஒரு காதுல மட்டும்தான் கேக்குது. அடியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். திடீர்னு 'ஊய்ங்'னு ஊளையிடுது. எர்த் முள்ளை ஒடிச்சிட்டா இரைச்சல் போயிடும்னு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்றான். ஒடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒடிக்கவே கூடாது, சகோதரி! மற்றதெல்லாம் அப்புறம். இதை முதலில் பேசிவிடுவோம்.

மூன்று முள் பிளக்கில் மேலே தடியாக இருக்கிறதே, அதுதான் எர்த். பெட்டிக்குள் ஏதோ ஒரு ஒயர் தோல் உரிந்து இரும்பு உடம்பில் பட்டுவிட்டால், மின்சாரம் அந்த முள் வழியாக பூமிக்குப் போகும். ப்யூஸ் போகும் அல்லது சுவிட்ச் விழும். அந்த முள் இல்லாவிட்டால் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும், தொடுகிற ஆளுக்காக. மைக் பிடித்துப் பாடுகிறவருக்கு உதடும் கையும் இரும்பில். கால் வெறுந்தரையில், அதுவும் பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஈரக் காலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 1972-ல் பிரிட்டனில் ஸ்வான்சீ நகரத்தில் லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர், மேடையிலே, எர்த் இல்லாத மைக்கைத் தொட்ட கையோடு இறந்துபோனார். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். ஆகவே பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரு காப்பி கொடுத்து, "வேண்டாம்ப்பா" என்று அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் அந்த 'ம்ம்ம்'? அதற்குப் பெரும்பாலும் காரணம், டெக்கை ஒரு சுவரிலும் லாப்டாப்பை எதிர்ச் சுவரிலும் செருகியிருப்பதுதான். இரண்டு எர்த்துக்கும் நடுவே, நீங்கள் மாட்டிய பாட்டு ஒயர் ஒரு பாலம் மாதிரி ஆகிவிடுகிறது. அதில் மின்சாரத்தின் 50 சைக்கிள் முனகல் ஏறி உட்காருகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில், மூன்று முள் உள்ள நல்ல பலகையில், செருகுங்கள். பாதி வீடுகளில் அத்தோடு சரியாகிவிடும். போகாவிட்டால் லாப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜர். பதிவு முடியும்வரை பாட்டரியிலேயே ஓட்டலாம். இன்னொன்று, கரண்ட் ஒயரும் பாட்டு ஒயரும் பின்னல் போட்ட மாதிரி சேர்ந்து ஓடக்கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் கூட்டல் குறி மாதிரி வெட்டிப் போகட்டும்.

இனி இணைப்புக்கு வருவோம். மிக்ஸர் என்றதும் நமக்கு தீபாவளி மிக்சரும் சட்னி அரைக்கிற மிக்ஸியும்தான் நினைவுக்கு வரும். தப்பில்லை, வேலை அதேதான். பல இடத்திலிருந்து வருவதை ஒன்றாக்கி, இடது வலது என்று இரண்டு கிண்ணத்தில் ஊற்றித் தருகிறது. அந்த இரண்டு கிண்ணத்துக்கும் சேர்த்துத்தான் ஸ்டீரியோ என்று பெயர். ஆம்பூர் பக்கத்து வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறவர்களுக்கு இடது வேறு, வலது வேறு, இரண்டும் ஜோடியாகப் போனால்தான் காசு என்று தெரியும்.

இந்த ஸ்டீரியோ பிறந்த கதை சுவையானது. ஆலன் ப்ளம்லைன் என்கிற இங்கிலாந்து இன்ஜினியர், பின்னாளில் தனக்கு மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போயிருந்தார். திரையில் நடிகர் ஒரு மூலையில் நிற்கிறார், குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. "பேசுகிற ஆள் போகிற இடத்துக்கெல்லாம் குரலையும் போக வைக்க எனக்கு வழி தெரியும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். 1931 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கேட்டு எழுதியும் கொடுத்துவிட்டார். சினிமாவுக்குக் கூட்டிப்போகிற கணவர்கள் எல்லாரும் இப்படி உருப்படியாக எதையாவது யோசித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நம் தமிழ் சினிமாவில் 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்கள்தான் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் பாடல்கள் என்று சொல்வார்கள்.

முதலில் காஸெட். ஒரே பிரதி என்பதால், டெக்கில் போடும் முன்பே அதன் முதுகுப் பக்கம் இருக்கிற இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுங்கள். பிறகு யார் தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நன்றாக இருந்தால் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றிவிட்டு அப்புறம் பாட விடுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த நாடா இளகிக்கொடுக்கும். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பழுப்பாக அழுக்கு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த அழுக்குதான் பாதி நேரம் ஒரு காதை அடைத்து வைத்திருக்கும்.

அத்தை பாடியது மோனோ ரெக்கார்டரில். பரவாயில்லை. 1963-ல் காஸெட்டைக் கொண்டுவந்த பிலிப்ஸ் கம்பெனியின் அமைப்பில், மோனோவில் பதிந்ததை ஸ்டீரியோ டெக்கில் போட்டால் இரண்டு பக்கமும் அதே குரல் வரும். ஆகவே ஒரு காதில்தான் கேட்கிறது என்றால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. டெக்கின் பின்னால் 'லைன் அவுட்' என்று சிவப்பு, வெள்ளை என இரண்டு பின் இருக்கும். சிவப்பு வலது, வெள்ளை இடது. அவை மிக்ஸரில் இடது வலது இரண்டும் சேர்ந்த ஒரு லைன் சானலுக்குப் போக வேண்டும். மிக்ஸர் பக்கத்தில் மட்டும் அந்த இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். சத்தம் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குத் தாவிவிட்டால் கோளாறு டெக்கிலோ ஒயரிலோ இருக்கிறது. தாவாமல் அதே காதிலேயே நின்றால் டெக் சாது. மிக்ஸருக்கு அப்பால் தேடுங்கள்.

டெக்கின் ஹெட்போன் துளையிலிருந்து மொபைலின் மைக் துளைக்கு நேரே ஒயர் போட்டுப் பதிகிறவர்களும் உண்டு. வேண்டாம். மைக் துளை எதிர்பார்ப்பது துளித்துளியாக வரும் மின்சாரத்தை. லைனில் வருவதோ குடம் குடமாக. கரகரவென்று உடைந்துதான் விழும். தவிர மொபைலின் அந்தத் துளை மோனோதான், ஸ்டீரியோவுக்கு அங்கே வழியே கிடையாது.

மைக் ஒயரின் முனையில் மூன்று முள் உருளையாக இருந்தால் நல்லது, அதையே மிக்ஸரின் முதல் சானலில் செருகுங்கள். ஒரே குரலை இரண்டு கம்பியில், ஒன்றுக்கொன்று தலைகீழாக அனுப்பி, வழியில் சேர்ந்த இரைச்சலை மறுமுனையில் கழித்துவிடுகிற ஏற்பாடு அது. சில மைக்குகளுக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் கொடுக்க வேண்டும். அதற்கென்று தனி சுவிட்ச் இருக்கும். மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற சாதாரண டைனமிக் மைக் என்றால் அது தேவையில்லை. கீபோர்டில் இரண்டு துளை இருந்தால் இரண்டிலிருந்தும் ஒயர் எடுங்கள். ஒரே ஒயர்தான் இருக்கிறது என்றால் 'மோனோ' என்று எழுதியிருக்கும் இடதுபக்கத் துளையில் செருகவும். வலதில் செருகினால் பாதி வாத்தியம்தான் வரும்.

மிக்ஸரின் 'மெயின் அவுட்' இடது வலது இரண்டும், லாப்டாப்போடு சேர்க்கிற பெட்டியின் ஒன்றாம் இரண்டாம் துளைகளுக்குப் போகும். யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கடையில் சொல்வார்கள். பெட்டியிலேயே ஹெட்போன் துளை இருக்கும், கேட்பது அங்கே. இவ்வளவுதான் வழி. ஒயர் போதவில்லை, முனை பொருந்தவில்லை என்றால் வேலூரிலேயே கிடைக்கும். கிடைக்காததை யாராவது சென்னை போகும்போது ரிச்சி தெருவில் வாங்கி வரச் சொல்லுங்கள். நாலு முனை, நாலு விதம். கையில் பழைய ஒயரைக் கொடுத்தனுப்பினால் தவறாது.

அந்த ஊளை? லாப்டாப்பிலிருந்து வரும் பாட்டைத் திரும்பக் கேட்க, அதையும் மிக்ஸரின் ஒரு சானலில் செருகியிருப்பீர்கள். அது மறுபடி மெயின் அவுட் வழியாக லாப்டாப்புக்கே போகிறது, அங்கிருந்து மறுபடி மிக்ஸருக்கு... தொட்டியில் ஏற்றிய தண்ணீர் வழிந்து கிணற்றுக்கே போய், மோட்டார் மறுபடி அதையே ஏற்றுகிற மாதிரி. ஊளையிடாமல் என்ன செய்யும்? திரும்பி வருகிற ஒலியை 'டேப் இன்' அல்லது '2 ட்ராக் இன்' என்று தனியாக இருக்கும் துளையில் கொடுத்து, ஹெட்போனுக்கு மட்டும் போகும்படி பட்டனை வையுங்கள். மெயினுக்கு அனுப்பும் பட்டன் அமுங்கியிருக்கக் கூடாது. பாடும்போது ஸ்பீக்கர் ஓடவே வேண்டாம், காதை மூடும் ஹெட்போன் போதும்.

பதியும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பதிந்துவிடாதீர்கள். அத்தையின் குரலை முதலில் தனியாக. அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மகள் கீபோர்டு. பிறகு உங்கள் குரல். லாப்டாப்பில் ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் போதும். 2000-ல் வெளிவந்தது, இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. ஒற்றை மைக்கைப் பதியும்போது 'மோனோ' ட்ராக்காகப் பதிய வேண்டும். ஸ்டீரியோ என்று வைத்துப் பதிந்தால், ஒன்றாம் துளையில் வந்த குரல் இடது காதில் மட்டும் போய் உட்காரும். உங்கள் 'ஒரு காது' தொல்லைக்கு இதுவும் காரணமாக இருக்கலாம், பாருங்கள்.

இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டில் உட்கார்ந்து பதிவது புதிதொன்றுமில்லை. 1951-ல் அமெரிக்காவில் லெஸ் பால், மேரி ஃபோர்ட் என்ற தம்பதி வீட்டிலேயே அடுக்கடுக்காகப் பதிந்த பாட்டு நாடெங்கும் ஓடியது. மேரியின் ஒரே குரல் அதில் ஒரு கோஷ்டி மாதிரிக் கேட்கும். 1979-ல் டீயக் கம்பெனி, சாதாரண காஸெட்டிலேயே நாலு ட்ராக் பதிகிற 'போர்ட்டாஸ்டூடியோ' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் பதிந்ததை இன்னொரு ஸ்டீரியோ டெக்குக்கு இரண்டாகக் குறைத்து இறக்குவார்கள். நீங்கள் லாப்டாப்பில் செய்யப்போவதும் அதுவேதான். நம் ஊரிலே 'ரோஜா' இசை 1992-ல் வந்தபோது, ஏ.ஆர். ரஹ்மான் வீட்டுப் பின்புறம் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆரம்ப காலத்தில் பதிவுக் கருவி வாங்கப் பணமில்லாமல் இருந்தபோது, தாயார் கரீமா பேகம் தன் நகைகளை விற்றுக் கொடுத்தார் என்று ரஹ்மானே சொல்லியிருக்கிறார். ஒயர், பெட்டி என்றாலே 'இதெல்லாம் பொம்பளைங்க சமாசாரமா' என்கிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. கீபோர்டும் காஸெட்டும் ஸ்ருதி சேராது! பழைய மோட்டார்கள் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். வேகத்தில் ஆறு சதவீதம் வித்தியாசம் வந்தாலே ஸ்ருதி அரைக்கட்டை மாறிவிடும். தவிர அத்தை என்ன ஆர்மோனியம் வைத்துக்கொண்டா பாடியிருப்பார்? மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த கட்டையில் பாடியிருப்பார். அவர் குரலை இழுத்துச் சுருக்காதீர்கள். கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்', 'டியூன்' என்று இரண்டு ஏற்பாடு இருக்கிறது, கீபோர்டு அவரோடு சேரட்டும். தாளமும் அப்படியே. கீபோர்டில் இருக்கும் தாளப் பெட்டியை ஓடவிட்டால் தாலாட்டு செத்துவிடும். மகளை அத்தையின் மூச்சைக் கேட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி காட்பாடிக்கே உரிய பிரச்னை, ரயில். சென்னை–பெங்களூர் லைனும் விழுப்புரம்–திருப்பதி லைனும் சந்திக்கிற ஜங்ஷனில் ஹார்ன் இல்லாத கால்மணி நேரம் கிடைப்பதே வரம். ஒருநாள் நோட்டுப் புத்தகத்தில் எப்போதெல்லாம் அமைதி என்று குறித்துவைத்து, அந்த இடைவெளியில் பதியுங்கள். விடியற்காலை நல்லது. பானையும் அப்போதுதான் நிறுத்த முடியும். வேலூர் மே மாதத்தில் பகல் பத்து மணிக்கு பானை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னால் யாருக்கும் பாட்டு வராது. துணி பீரோவைத் திறந்துவைத்து, பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து நிறுத்தினால் அறையின் கணகணப்பு அடங்கும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பாடினால் 'ப', 'ம்ப' எல்லாம் வெடிக்காது. மிக்ஸரில் 'லோ கட்' பட்டன் இருந்தால் அமுக்கிவிடுங்கள். 75, 100 சைக்கிளுக்குக் கீழே இருக்கும் தண்டவாள உறுமல் குறையும். நம் பெண்கள் பேச்சுக் குரலின் அடிநாதமே ஏறத்தாழ 165-க்கு மேல்தான் என்பதால் குரலுக்கு நஷ்டமில்லை.

எவ்வளவு சத்தமாகப் பதிவது என்று அளவுமானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாட்டிலே உச்சமாக வரும் அடியைப் பாடிப் பார்த்து, முள் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கிற மாதிரி வையுங்கள். சிவப்பைத் தொட்டால் உடைந்தது உடைந்ததுதான், சோற்றில் கூடிப்போன உப்பு மாதிரி பிறகு எடுக்க முடியாது. குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகக் கலப்பது. அத்தையின் குரல் நட்ட நடுவில். உங்கள் குரலை ஒரு பக்கமாகக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் தள்ளி, சற்றுத் தணித்து வையுங்கள். கீபோர்டை இரண்டு பக்கமும் விரித்துவிடலாம். ஒருவரை முழு இடதிலும் ஒருவரை முழு வலதிலும் வைத்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் கெட்டுப்போன வீட்டில் அத்தையே காணாமல் போய்விடுவார். எல்லாம் சேர்ந்ததும் மோனோவாக மாற்றி ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். அப்போது ஏதாவது ஒன்று திடீரென்று மெலிந்தோ மறைந்தோ போனால், இடதும் வலதும் ஒன்றையொன்று தின்கின்றன என்று அர்த்தம். ஏதோ ஒரு ஒயரில் கம்பி தலைகீழாக இருக்கும். ஒயரை மாற்றிவிட்டு அந்த ஒரு ட்ராக்கை மட்டும் மறுபடி பதியலாம்.

காஸெட்டின் 'ஸ்ஸ்' சத்தத்தை நீக்கும் வசதி மென்பொருளில் உண்டு. அளவாக. முழுக்க நீக்கப்போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். பின்னால் வளையல் சத்தம், தொட்டில் கயிறு கிறீச்சிடுவது இதெல்லாம் கேட்டால் அப்படியே விடுங்கள் என்பேன். உங்கள் நாத்தனார் முதலில் அழப்போவது அதைக் கேட்டுத்தான்.

இறக்கும்போது வேவ் கோப்பாக, 44,100, 16 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும், இருபது நிமிஷத் தாலாட்டுக்கு 200 எம்.பி.க்குக் கொஞ்சம் மேலே. போனில் அனுப்ப எம்.பி.3 ஒன்று தனியாகச் செய்துகொள்ளலாம். கலக்காத தனித்தனி ட்ராக்குகளையும் அழித்துவிடாதீர்கள். முக்கியமாக, அத்தை மட்டும் பாடியது தனியாக இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு பேத்தி இன்னும் அழகாகச் சேர்த்துப் பாடுவாள்.

குழந்தை விஷயம் ஒன்று. தாலாட்டு என்று ஆசைப்பட்டு பச்சைக் குழந்தையின் காதில் ஹெட்போன் மாட்டக் கூடாது. தொட்டிலை விட்டுத் தள்ளி, அறையின் மறுகோடியில் ஸ்பீக்கரை வைத்து, நாம் மெதுவாகப் பேசுகிற அளவுக்குப் பாட விடுங்கள். தூங்கினதும் நிறுத்திவிடலாம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை சொல்லியிருக்கிறது. மூன்று டெசிபல் கூட்டினால் கேட்கிற நேரம் பாதியாகக் குறைய வேண்டும். மணிக்கணக்கில் ஹெட்போனில் கலக்கப்போகிற உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். முக்கால் மணிக்கு ஒருதரம் எழுந்து, காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வரட்டும். ஓய்ந்த காது, தூக்கலாக வைத்ததை உடனே காட்டிக்கொடுக்கும்.

போடும்போது டெக், மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். இல்லாவிட்டால் 'டப்' என்று ஒரு இடி விழும்.

மூலக் காஸெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். முழுக்கப் பின்னால் சுற்றி, உறையில் போட்டு, நிற்கவைத்து, டி.வி., ஸ்பீக்கர் பக்கம் இல்லாத உலர்ந்த அலமாரியில் வையுங்கள். உறைமேல் பாடியவர் பெயர், வருஷம், எந்தப் பிள்ளைக்குப் பாடியது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். புதுப் பதிவின் ஒரு பிரதி காட்பாடியில் இருந்தால் இன்னொன்று ஆம்பூரில் இருக்கட்டும்.